நான் எழுதியதைச் சட்டம் நம்பாது

போலீஸில் இருந்து ஓய்வுபெற்றவன் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்கவுன்டர் ஏதாவது பண்ணியிருக்கீங்களா சார்?" என்பதுதான். இல்லை என்றால், "எத்தனை பேரைப் பிடிச்சிருக்கீங்க?" நான் ஓடிப் பிடித்த ஆட்கள் மிகக் குறைவு. ஃபயரிங் பயிற்சியைத் தவிர வேறெங்கும் துப்பாக்கியைச் சுட்டதும் இல்லை. என் சர்வீஸில் பெரும்பகுதி ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து எழுதியதிலேயே போய்விட்டது. நான் ஸ்டேஷன் ரைட்டர். இதைச் சொன்னதும் பக்கத்து நாற்காலிக்காரருக்கு முகம் தொங்கிவிடும்.

ரைட்டர் என்பது பதவி இல்லை, வேலை. எஃப்.ஐ.ஆர். எழுதுவது, பொது நாட்குறிப்பு எழுதுவது, சி.டி. என்னும் வழக்கு நாட்குறிப்பு ஃபைலை ஒழுங்காக வைப்பது, கைப்பற்றிய சொத்துக்குப் பட்டியல் போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்புவது, சம்மனுக்கு ஆள் அனுப்புவது, எஸ்.பி. நடத்தும் கிரைம் மீட்டிங்குக்குப் புள்ளிவிவரம் தயார் செய்வது, இதெல்லாம் போக தினமும் டூட்டி போடுவது. இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், போவார்கள். எந்த வழக்கின் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்பது ரைட்டருக்குத்தான் தெரியும். அதனால் அவனுக்கு ஸ்டேஷனில் தனி மரியாதை உண்டு. தனி வெறுப்பும் உண்டு, தீபாவளி அன்றைக்கு யாருக்கு லீவு இல்லை என்று எழுதுவதும் அவன்தானே.

1986-இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். பயிற்சி முடிந்ததும் ஆயுதப்படை. பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், பாரா என்று சில வருஷம். அங்கே ஒருநாள் டூட்டி நோட்டை எழுத ஆள் இல்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். கையெழுத்து நன்றாக இருந்தது. அத்தோடு என் தலையெழுத்தும் முடிவாகிவிட்டது. லோக்கல் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு முன்னாலேயே, "இவன் நல்லா எழுதுவான்" என்ற பேச்சு வந்து சேர்ந்திருந்தது.

பதவி உயர்வெல்லாம் எங்கள் காலத்தில் ஒரு கணக்குப்படி வந்தது. பெரிய தண்டனை எதுவும் இல்லாமல் இருந்தால் 10 வருஷத்தில் முதல்நிலைக் காவலர், 15-இல் ஏட்டு, 25-இல் எஸ்.எஸ்.ஐ., அதாவது சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மாறாக, ஸ்டேஷன்களின் கதை சுவாரஸ்யமானது. நான் இருந்த ஒரு ஸ்டேஷன் முதலில் தஞ்சாவூர் மாவட்டம். 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டம். கட்டடம் ஓர் அடி நகரவில்லை. ரப்பர் ஸ்டாம்பு மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய ஏட்டையா. கார்பன் காலம் அது. மாஜிஸ்திரேட்டுக்கு, டி.எஸ்.பி.க்கு, இன்ஸ்பெக்டருக்கு, புகார் கொடுத்தவருக்கு என்று ஒரே அழுத்தில் அத்தனை நகலும் விழ வேண்டும். கடைசி நகலில் எழுத்து தெரியவில்லை என்றால் திரும்ப முதலில் இருந்து எழுத வைப்பார். பால்பாயிண்ட் பிடித்த இடம் நடுவிரலில் இன்றும் தடித்துப்போய் இருக்கிறது. அவர் சொன்ன ஒரு விதியை மட்டும் நான் கடைசிவரை விடவில்லை: வந்தவர் பேசி முடிக்கும்வரை பேனாவை எடுக்கக் கூடாது. "நீ பேனாவை எடுத்தேன்னு வச்சுக்க, அவன் நமக்கு ஏத்த மாதிரி பேச ஆரம்பிச்சுடுவான்டா" என்பார்.

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். நான் வாழ்நாள் முழுக்க எழுதியவற்றில் பெரும்பாலானவை கோர்ட்டில் சாட்சியம் ஆகாது.

வெளியில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். சாட்சிகளை விசாரித்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவுப்படி வாக்குமூலம் எழுதினோம் இல்லையா, அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. அந்த வாக்குமூலத்தை வைத்து அரசுத் தரப்பு எதையும் நிரூபிக்க முடியாது. சாட்சி கூண்டில் ஏறி வேறு மாதிரி பேசினால், "அன்று போலீஸில் இப்படித்தானே சொன்னாய்?" என்று மடக்குவதற்கு மட்டும் அது பயன்படும். குற்றம் செய்தவன் எங்களிடம் ஒப்புக்கொண்டால் அதுவும் செல்லாது. வீதியில் போகும் ஒரு சாதாரண ஆளிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னால்கூட கோர்ட் அதை எடைபோட்டுப் பார்க்கும். தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் பார்க்காது. ஒப்புதல் வாக்குமூலத்தில் பொருள் எங்கே கிடக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் பகுதி, அதாவது "கத்தியை இன்ன இடத்தில் போட்டேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்" என்பது, பொருள் கிடைத்தால் மட்டும் ஏற்கப்படும். ஒப்புதல் பற்றிய இந்த விதிகள் 1872-ஆம் வருஷ சாட்சியச் சட்டத்திலேயே இருந்தன. வெள்ளைக்காரன் தன் போலீஸையே நம்பவில்லை. சுதந்திரம் வந்தபிறகு நாமும் நம்பவில்லை.

புதிதில் எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுதியதை ஒரு வக்கீல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். சில வருஷம் ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கோபம் போய்விட்டது. எழுதுகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தவனுக்குச் சட்டத்தின் சந்தேகம் நியாயமாகத்தான் தெரியும்.

ஸ்டேஷனில் எழுதப்படும் ஓர் அடிதடிப் புகாரைப் பாருங்கள். "நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று மேற்படி நபர் என்னை வழிமறித்து, அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று மிரட்டல் விடுத்தார். நான் சத்தம் போடவே அக்கம்பக்கத்தினர் ஓடி வர, அவர் தப்பிச் சென்றுவிட்டார்." தமிழ்நாட்டின் எந்த மூலையில் உள்ள ஸ்டேஷனிலும் இந்த வரிகள் கிடைக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், அதாவது ஐ.பி.சி.யில், அசிங்கமான வார்த்தை என்றால் 294(பி). கையால் அடித்தது 323. கொல்லாமல் விடமாட்டேன் என்பது 506(2). வழிமறித்தது 341. வந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "வாய்க்கால் தண்ணிய திருப்பி விட்டுட்டான் ஐயா, கேட்டதுக்கு ஒரு அறை விட்டான்." மற்றதெல்லாம் எழுதுகிறவன் சேர்ப்பது. முதலில் செக்‌ஷனை முடிவு செய்துவிட்டுப் பிறகு அதற்கேற்ப வாக்கியத்தை இறக்குவார்கள்.

இதனால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்த மனுஷன் கூண்டில் நிற்பான். "உன்னை என்ன வார்த்தையால் திட்டினார்?" என்பார் வக்கீல். அவனுக்குத் தெரியாது, திட்டவே இல்லையே. "கொன்றுவிடுவேன் என்றாரா?" அவன் முழிப்பான். அவன் வாங்கிய அறை உண்மை. ஆனால் நாங்கள் சேர்த்த இரண்டு பொய்யால் அந்த அறையும் பொய்யாகிவிடும். வாய்க்கால் தண்ணீரைப் பற்றி எஃப்.ஐ.ஆரில் ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் அதற்கு ஐ.பி.சி.யில் நேராக ஒரு செக்‌ஷன் நினைவுக்கு வரவில்லை!

எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் சட்டம். முடிவில் "படித்துக் காட்டக் கேட்டேன், சரி" என்று எழுதி அதன் கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவோம். பல இடங்களில் அந்த வரி இருக்கும், படித்துக் காட்டுவது இருக்காது. நகல் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அப்படித்தான்.

எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று ஒன்று உண்டு. கொலை போன்ற பெரிய வழக்கு பதிவானால் எஃப்.ஐ.ஆரை உடனே மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், நடுராத்திரியாக இருந்தாலும். கான்ஸ்டபிளாக இருந்தபோது அந்தக் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு டி.வி.எஸ். 50-இல் போயிருக்கிறேன். மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுவார். அந்த நேரம்தான் உயிர். போலீஸ் உட்கார்ந்து யோசித்து, ஆட்களைச் சேர்த்து, முன்தேதியிட்டு எஃப்.ஐ.ஆரை மாற்றவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. நாலு வருஷம் கழித்து செஷன்ஸ் கோர்ட்டில், "ஸ்டேஷனுக்கும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர்? ஏன் ஆறு மணி நேரம் ஆயிற்று?" என்று கேட்பார்கள். டயர் பஞ்சர் என்று சொன்னால் கோர்ட்டே சிரிக்கும், நிஜமாகவே பஞ்சர் ஆகியிருந்தாலும்.

போலீஸ் எழுதிய வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்றேன். பொருளைக் காட்டிக்கொடுக்கும் பகுதியைத் தவிர, இன்னொரு இடத்திலும் அது செல்லும். சொன்னவர் இறந்துவிட்டால்.

2002-ஆம் வருஷம். அப்போது நான் ஏட்டு. அரசு ஆஸ்பத்திரியில் இருந்து இன்டிமேஷன் வந்தது, தீக்காயம், பெண், கல்யாணமாகி மூன்று வருஷம். தீக்காயம் என்றாலே "ஸ்டவ் வெடித்தது" என்பதுதான் அந்தக் காலத்து வழக்கமான பேச்சு. போனால், கட்டில் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்து விசிறிக்கொண்டு இருக்கிறார். வீட்டுக்காரன் கதவோரம் நிற்கிறான். முதலில் டாக்டரிடம், நினைவோடு தெளிவாக இருக்கிறார் என்று எழுதி வாங்கினேன். மாமியாரையும் அவனையும் வெளியே போகச் சொன்னேன். அவன் வராண்டாவில் ஜன்னல் பக்கம் போய் நின்றான். நர்ஸம்மாவிடம் சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

"தங்கச்சி, இங்க இப்ப யாரும் இல்ல. என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லும்மா" என்றேன். பேனாவை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னது: "அத்தைதான் ஊத்துனாங்க. பத்த வச்சதும் அவங்கதான். அவரு பாத்துக்கிட்டே நின்னாரு." அதற்கு முன்னும் பின்னும் சில சங்கதிகள் சொன்னது. அவை இங்கே வேண்டாம்.

அது பேசிய மாதிரியே எழுதினேன். "எனது மாமியார் என் மீது மண்ணெண்ணெய் ஊற்றி" என்று மாற்றவில்லை. கை முழுக்க வெந்துபோய் இருந்ததால் கால் கட்டைவிரல் ரேகை வாங்கினோம். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே மாஜிஸ்திரேட்டும் வந்து தனியாக வாக்குமூலம் பதிவு செய்தார்.

ஸ்டேஷனுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் நான் எழுதியதைப் படித்தார். நல்ல மனுஷன்தான், அந்தப் பெண்ணுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இது என்னய்யா, பாத்துக்கிட்டே நின்னாருன்னு? புருஷன் தூண்டுதலின் பேரில்னு வரணும். இல்லன்னா அவன் வெளிய போயிடுவான்" என்றார். "அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லலைங்க ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் இறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்பதால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை நடந்தது. நான் எழுதியது மரண வாக்குமூலம் ஆகிவிட்டது. விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை அரைநாள் நிற்க வைத்தார். மாஜிஸ்திரேட் எழுதியதும் நான் எழுதியதும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்ததால் அவரால் அசைக்க முடியவில்லை. ஆனால் அதே வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு, "இதில் கணவர் என்ன செய்தார்? பார்த்துக்கொண்டு நின்றார். நிற்பது குற்றமா?" என்று வாதாடினார். வரதட்சணை கேட்டார்கள் என்பதற்கும் உறுதியான சாட்சி நிற்கவில்லை. மாமியாருக்கு ஆயுள் தண்டனை. அவன் விடுதலை.

கோர்ட் வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். திட்டவில்லை. "ஏட்டையா, ஒரு வார்த்தை சேத்து எழுதியிருக்கலாமே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் மாஜிஸ்திரேட் எழுதியதோடு அது ஒத்துப்போயிருக்காது, இரண்டு பேருமே தப்பியிருப்பார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அந்த நேரத்தில் அது அவருக்கு என்ன ஆறுதல்? அப்பீலில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் எழுதிய வழக்குகளின் கடைசி முடிவு பெரும்பாலும் எங்களுக்கு வந்து சேருவதில்லை.

சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்துப் போலீஸ்காரன் எவனும் பேச முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். சாதாரண நாளில் ஒரு சந்தேக மரணம் என்றால் 174-இல் வழக்கு பதிந்து, பஞ்சாயத்தார்களை வைத்துப் பிரேத விசாரணை நடத்தி, போஸ்ட்மார்ட்டம் முடித்து, உடலை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்கு எங்கே போவது அதற்கெல்லாம்? குழி தோண்டுகிறார்கள், நாங்கள் நோட்டோடு பக்கத்தில் நிற்கிறோம். பெயர் தெரியாத உடல்களுக்கு அங்க அடையாளம் எழுதினேன். சேலை நிறம், பச்சை குத்திய பெயர், காதில் என்ன, காலில் என்ன, தழும்பு எங்கே. ஒரு வரி, அடுத்த ஆள், ஒரு வரி, அடுத்த ஆள். செக்‌ஷனுக்காக எழுதாமல் மனுஷனுக்காக எழுதிய நாட்கள் அவைதான்.

பிறகு வந்தது காணாமல் போனவர்களின் பிரச்சினை. சட்டப்படி ஒருவர் இறந்ததாகக் கொள்ள ஏழு வருஷம் தகவல் இல்லாமல் இருக்க வேண்டும். கடல் கொண்டுபோன பிள்ளைக்கு ஏழு வருஷம் காத்திரு என்று ஒரு தாயிடம் யார் சொல்வது? அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. ஆனால் முதல் படியாக ஸ்டேஷனில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். குப்பத்து ஜனங்கள் ஸ்டேஷன் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். "கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று நான் கேட்க வேண்டும், படிவத்தில் அந்தக் கட்டம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே பதில்தான் என்று தெரிந்தும் கேட்டேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்குத்தான் அவர்கள் பேசினார்கள். பேனாவை எடுக்காமல் கேட்டேன்.

புகார் வாங்காமல் திருப்பி அனுப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையின் பழைய வியாதி இது. ஒவ்வொரு ஜனவரியும் குற்ற எண் ஒன்றில் இருந்து தொடங்கும். போன வருஷம் இதே மாதம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை என்று கிரைம் மீட்டிங்கில் கேட்பார்கள். எண்ணிக்கை கூடினால் திட்டு. திட்டு வாங்காமல் இருக்க எளிய வழி, பதியாமல் இருப்பது. செயின் அறுத்தால் "தொலைந்துவிட்டது" என்று எழுதித் தரச் சொல்வது, எஃப்.ஐ.ஆருக்குப் பதில், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, வாரன்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று சொன்னது. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு மாதிரி சிலவற்றுக்கு மட்டும் முன்விசாரணை செய்யலாம் என்றது. தீர்ப்பு வந்தது. கிரைம் மீட்டிங் கேள்வி மாறவில்லை. கேள்வி மாறாதவரை பதிலும் மாறாது, எத்தனை தீர்ப்பு வந்தால் என்ன.

நான் 2020 ஜூன் மாதம் 58 வயதில் ஓய்வுபெற வேண்டியவன். பிரிவு உபசாரத்துக்குச் சொந்தக்காரர்களிடம் தேதிகூடச் சொல்லியாகிவிட்டது. அந்த மே மாதம் அரசு வயதை 59 ஆக்கியது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் 60. இரண்டு வருஷம் கூடுதலாக இருந்து 2022 ஜூனில்தான் வெளியே வந்தேன். நான் முதலில் ஓய்வுபெற இருந்த அந்த 2020 ஜூன் மாதத்தில்தான் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தார்கள் என்று அழைத்துப் போகப்பட்ட அப்பாவும் மகனும் சில நாளில் அடுத்தடுத்து இறந்தார்கள். சி.பி.ஐ. கொலை வழக்காக விசாரித்துப் போலீஸ்காரர்கள் மீது குற்றப்பத்திரிகை போட்டது. அந்த ஸ்டேஷனில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். அவருக்கு இருந்த துணிச்சல் எங்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்று அப்போது ஸ்டேஷனில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. உச்ச நீதிமன்றத்தின் டி.கே. பாசு தீர்ப்பின் விதிகளை எழுதிய போர்டு எல்லா ஸ்டேஷன் சுவரிலும் மாட்டியிருக்கும். கைது செய்தால் குடும்பத்துக்குச் சொல், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்கு, மருத்துவப் பரிசோதனை செய். அந்த போர்டுக்குக் கீழேதான் எங்கள் நாற்காலியும். 1872-இல் எழுதிய அந்தச் சந்தேகம் பழசாகிவிட்டது, போலீஸிடம் சொன்ன ஒப்புதலையும் ஏற்க வேண்டும் என்று அவ்வப்போது சிலர் பேசுவார்கள். நான் ரைட்டராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூடவே கூடாது.

கடைசி நாளில் மாலை போட்டு, ஜீப்பில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். வார விடுப்பு அரசாணை வந்தது 2021-இல், அதுவும் ஏட்டு வரைக்கும். நான் அப்போது எஸ்.எஸ்.ஐ. போகட்டும்.

2024 ஜூலை 1-இல் ஐ.பி.சி., குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதுச் சட்டங்கள் வந்தபிறகு என் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. கொலைக்கு இருந்த 302 இப்போது 103. மோசடிக்கு இருந்த 420 இப்போது 318. கொலை மிரட்டலுக்கு இருந்த 506(2) இப்போது 351(3). எஃப்.ஐ.ஆருக்கான 154 இருந்த இடத்தில் 173, சந்தேக மரணத்துக்கான 174 இருந்த இடத்தில் 194. இப்போது ரைட்டராக இருக்கும் தம்பிகள், "ஐயா, பழைய செக்‌ஷன் சொல்லுங்க, புதுசு நான் பாத்துக்கறேன்" என்கிறார்கள். தலைகீழாக, எனக்குப் புதுசைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான். எந்த ஸ்டேஷனில் போய்ச் சொன்னாலும் எல்லையைக் காரணம் காட்டாமல் பதிய வேண்டும் என்பதும், மின்னணு முறையில் புகார் அனுப்பி மூன்று நாளுக்குள் கையெழுத்திடலாம் என்பதும் இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. புகார்காரர் பேசுவதையும் கட்டாயமாக அப்படியே பதிவு செய்துவிட்டால் ரைட்டர்களின் கற்பனை வளம் கொஞ்சம் குறையும்.

அக்கம்பக்கத்தில் யாருக்காவது புகார் மனு எழுத வேண்டும் என்றால் என்னிடம் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. தேதி, நேரம், இடம் முதலில். நடந்ததை நடந்த வரிசையில். யார் என்ன சொன்னார்களோ அதை அவர்கள் சொன்ன மாதிரியே. பார்த்தவர் பெயர். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். படித்துக் காட்டுவேன், மாற்றச் சொன்னால் மாற்றுவேன்.

போன மாதம் ஒருவர் வந்தார், வேலித் தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இவரைத் தள்ளிவிட்டிருக்கிறார், முழங்கை சிராய்த்திருக்கிறது. எழுதி முடித்ததும், "கொலை மிரட்டல்னு ஒண்ணு போட்டுக்கங்க சார்" என்றார்.

"மிரட்டுனாரா?"

"இல்ல. ஆனா எல்லாரும் போடுறாங்களே."

நான் போடவில்லை. மனுவை வாங்காமலே எழுந்து போய்விட்டார். ஸ்டேஷனில் என்ன ஆயிற்று என்று அங்கே இருக்கும் தம்பியிடம் கேட்டேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்த மனுவில் வழக்கு பதிவாகிவிட்டதாம், 351(3)-ம் சேர்த்து.